எண்ணி விற்கும் தள்ளுபடி: டிஜிட்டல் கேம்களின் மின்னல் விற்பனையை அணுகும் முறை

மின்னல் விற்பனை என்பது ஒரு பொருளின் விலையைச் சில மணி நேரத்துக்கு மட்டும், அல்லது குறிப்பிட்ட எண்ணிக்கையிலான பிரதிகள் தீரும் வரை மட்டும், வழக்கத்தைவிடப் பெரிதும் குறைத்து விற்கும் முறையாகும். துணிக்கடையின் ஆடித் தள்ளுபடியில் இத்தகைய வரம்புக்கு இயல்பான காரணம் உண்டு. தேங்கிய சரக்கு தீபாவளிக் கொள்முதலுக்கு முன் வெளியேற வேண்டும், ஒரு சேலை விற்றால் அலமாரியில் ஒன்று குறைந்தே தீரும். இணையத்திலிருந்து பதிவிறக்கி ஆடும் வீடியோ கேமுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அது கடையின் சர்வரில் இருக்கும் ஒரு கோப்பு; பத்தாயிரம் பேர் வாங்கினாலும் அது குறைவதில்லை, கூடுதலாக ஒருவர் வாங்கும்போது கடைக்கு ஏற்படும் செலவும் மிகச் சிறியது. ஆகவே 'இந்த விலையில் 300 பிரதிகள் மட்டுமே' என்று ஒரு கடை அறிவிக்கும்போது, அங்கே எண்ணப்படுவது பொருளன்று, விலைதான். வாங்குபவர் முதலில் தெளிந்துகொள்ள வேண்டியது இதுவே; இந்த இயலின் மற்ற பகுதிகள் எல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

வரம்பு எதன்மேல் விழுகிறது

எல்லா வரம்பும் செயற்கை என்று ஒதுக்கிவிடுவதும் பிழையாகும். சில வரம்புகளுக்குப் பின்னால் உண்மையான காரணம் இருக்கிறது. கேம் விற்பனையில் 'கீ' எனப்படுவது, ஒரு பிரதியை வாங்குபவரின் கணக்கில் சேர்க்க உதவும் எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடாகும். ஹம்பிள் பண்டில் போன்ற கடைகள், ஸ்டீம் போன்ற வேறொரு தளத்தில் செயல்படும் கீக்களை வெளியீட்டாளரிடமிருந்து தொகுதிகளாகப் பெற்று விற்கின்றன. பெற்ற தொகுதி தீர்ந்து, வெளியீட்டாளர் அடுத்ததை அனுப்பவில்லையென்றால், அந்தக் கடையில் அந்தக் கேம் உண்மையாகவே இருப்பில் இருக்காது. ஆனால் அதே கேம் ஸ்டீமில் தங்குதடையின்றிக் கிடைத்துக்கொண்டிருக்கும்.

இதைவிட ஆழமான வரம்பு உரிமத்தால் வருவது. ஒரு கேமில் ஒலிக்கும் பாடல்களுக்கும் அதில் ஓடும் நிஜக் கார்களின் பெயர்களுக்கும் வெளியீட்டாளர் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கே உரிமம் பெற்றிருப்பார். அது முடிந்தால் விற்பனையை நிறுத்துவதைத் தவிர வழியில்லை. ரெமெடி நிறுவனத்தின் 'ஆலன் வேக்' 2017 மே மாதத்தில் இசை உரிமம் காலாவதியானதால் கடைகளிலிருந்து விலக்கப்பட்டது. விலக்கப்படுவதற்கு முன் அது ஸ்டீமில் 90 விழுக்காடு தள்ளுபடியில் விற்கப்பட்டது. அப்போது முந்திக்கொண்டவர்கள் ஏமாற்றப்பட்டதாகச் சொல்ல முடியாது. இருப்பினும் உரிமம் புதுப்பிக்கப்பட்டு 2018இல் அதே கேம் மீண்டும் விற்பனைக்கு வந்தது என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும். மைக்ரோசாஃப்டின் 'ஃபோர்ஸா ஹொரைஸன்' வரிசையில் மூன்றாம் பாகம் 2020இலும் நான்காம் பாகம் 2024இலும் இவ்வாறே கடைகளிலிருந்து நீங்கின.

மூன்றாவது வகை, உரிமையாளர் தம் விருப்பத்தால் விதிப்பது. சூப்பர் மாரியோவின் 35ஆம் ஆண்டு நிறைவையொட்டி நின்டெண்டோ வெளியிட்ட 'சூப்பர் மாரியோ 3டி ஆல்-ஸ்டார்ஸ்' 2020 செப்டம்பர் 18 அன்று விற்பனைக்கு வந்து, 2021 மார்ச் 31 அன்று நிறுத்தப்பட்டது. பெட்டியில் விற்ற பிரதிக்கு மட்டுமன்றி, இணையவழிப் பதிப்புக்கும் அதே கெடு விதிக்கப்பட்டது. இசையோ காரோ வெளியாரிடம் இரவல் வாங்கியதாக இங்கே சொல்ல இடமில்லை. பாத்திரமும் கேமும் கடையும் ஒரே நிறுவனத்துக்குச் சொந்தமானவை. விலையைக்கூடக் குறைக்காமல், கெடுவை மட்டுமே தூண்டிலாக்கிய இந்த முறையே எல்லாவற்றிலும் நியாயம் குறைந்தது எனலாம்.

ஆக, விற்பனைப் பக்கத்தில் ஒரு வரம்பைக் காணும் வாங்குபவர், அது கீ இருப்பினால் வந்ததா, உரிமத்தால் வந்ததா, அல்லது கடையின் விற்பனை உத்தியா என்று பிரித்தறிய வேண்டும். உரிமம் முடியப்போகிறது என்றால் வெளியீட்டாளர் அதை வெளிப்படையாக அறிவிப்பதே வழக்கம். அத்தகைய அறிவிப்பு எதுவும் இல்லாத நிலையில், வரம்பு உத்தியாகவே இருக்கும் என்று கொள்வது பெரும்பாலும் தவறாகாது.

ஜி.ஓ.ஜி. கடையின் தூக்கமற்ற இரவுகள்

எண்ணிக்கை வரம்புள்ள விற்பனையின் தெளிவான எடுத்துக்காட்டு, 2025 இறுதி வரை போலந்தின் சிடி ப்ராஜெக்ட் குழுமத்தைச் சேர்ந்திருந்த ஜி.ஓ.ஜி. கடையில் கிடைக்கிறது. 2008இல் தொடங்கிய இக்கடை, பழைய கணினி கேம்களை டி.ஆர்.எம். இன்றி விற்பதால் பெயர்பெற்றது, டி.ஆர்.எம். என்பது வாங்கிய கோப்பைக் குறிப்பிட்ட கணக்கிலோ கருவியிலோ மட்டும் இயங்கச்செய்யும் பூட்டு. தூக்கமின்மை எனப் பொருள்படும் 'இன்சோம்னியா' என்ற பெயரில் 2014இல் இக்கடை நடத்திய விற்பனையில், ஒரு நேரத்தில் ஒரே ஒரு கேம் மட்டும் முன்வைக்கப்பட்டது. அதன் தள்ளுபடி விலையும், அந்த விலைக்கு மீதமிருக்கும் பிரதிகளின் அளவும் திரையில் தெரியும்; பிரதிகள் விற்க விற்க அளவுப் பட்டை சுருங்கும்; தீர்ந்த கணமே அடுத்த கேம் அந்த இடத்துக்கு வரும். அடுத்து வருவது எது என்பது முன்கூட்டித் தெரியாது. பகல் இரவு பாராமல் இந்தச் சுழற்சி தொடர்ந்ததால், விரும்பிய கேம் எப்போது வரும் என அறியாதவர்கள் திரையை விட்டு அகல முடியாத நிலை உருவாயிற்று. பெயரே அதை ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டது.

இந்த அமைப்பின் நுட்பம் விலையில் இல்லை, வரிசையில் இருக்கிறது. பலர் தேடும் கேம் வந்தால் பட்டை சில நிமிடங்களில் கரைந்துவிடும். தூங்கியவர், பணிக்குச் சென்றவர், இணைய வேகம் குறைந்தவர் ஆகியோர் அதைத் தவறவிடுவர். யாரும் கேட்காத கேம் வந்தாலோ அது நெடுநேரம் நகராமல் நிற்கும். காத்திருப்பவர்களின் எரிச்சல் அந்தக் கேமின்மேல் திரும்பும். வரிசை நகரட்டும் என்பதற்காகவே தமக்குத் தேவையற்றதை ஒருவர் வாங்கவும் கூடும். பார்வையாளரே கடையின் இருப்பைத் தள்ளிவிடும் வேலையாளாக மாறுகிறார் என்பதுதான் இதன் வணிகச் சாதுரியம். ஆயினும் ஒரு பக்கத்தை மறைக்கலாகாது: பலருக்கு அது பிடித்திருந்தது. ஒரே பட்டையை ஒரே நேரத்தில் பலர் பார்த்துக்கொண்டிருப்பதில் திருவிழாக் கூட்டத்தின் களிப்பு உண்டு. அதுவரை கேள்விப்படாத பழைய கேம் ஒன்றை மலிவு விலையில் கண்டடைவதிலும் உண்மையான மகிழ்ச்சி உண்டு.

இதே கடை அதற்கு முன் வேறொரு பாடத்தையும் கற்றிருந்தது. 2010 செப்டம்பரில், தளம் இனி இப்படியே தொடர முடியாது என்னும் பொருள்பட ஓர் அறிவிப்பை வெளியிட்டுக் கடையை மூடிவிட்டு, சில நாள்களில் புதுப்பித்த வடிவில் திறந்தது. மூடல் என்பது விளம்பரத்துக்காக என்று தெரிந்ததும், வாங்கிய கேம்களை இனிப் பதிவிறக்க முடியுமா என்று கலங்கியிருந்தவர்கள் கொதித்தனர். கடையின் பொறுப்பாளர்கள் துறவியர் உடையணிந்து தோன்றி மன்னிப்புக் கேட்டனர். தள்ளுபடியைத் தவறவிட்டவர் முணுமுணுப்பதோடு நிறுத்திக்கொள்வார். ஏற்கெனவே வாங்கியதை இழக்கப்போவதாக அஞ்சவைக்கப்பட்டவரோ எளிதில் மறப்பதில்லை. பற்றாக்குறையை நாடகமாக நடத்தும் கடைகள் தாண்டக் கூடாத எல்லை எங்கே இருக்கிறது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

ஸ்டீம் மின்னலைக் கைவிட்ட கதை

அமெரிக்க நிறுவனமான வால்வ் நடத்தும் ஸ்டீம், கணினி கேம் விற்பனையில் முதன்மையான கடையாகும். ஆழ்ந்த தள்ளுபடி என்ன செய்யும் என்பதை வால்வ் தொடக்கத்திலேயே அளந்து பார்த்தது. 'லெஃப்ட் 4 டெட்' கேமை ஒரு வார இறுதியில் பாதி விலைக்கு விற்றபோது விற்பனை 3,000 விழுக்காடு உயர்ந்து, வெளியீட்டு நாள்களின் விற்பனையையே தாண்டியதாக அதன் தலைவர் கேப் நியூவெல் 2009இல் ஒரு தொழில்துறை மாநாட்டில் தெரிவித்தார். இத்தகைய அனுபவத்தின் மேல்தான் கோடைக்கால, குளிர்காலப் பெருவிற்பனைகள் வளர்ந்தன. அவற்றுள் பொதுத் தள்ளுபடி, ஒருநாள் தள்ளுபடி, சில மணி நேரம் மட்டும் நீடிக்கும் மின்னல் தள்ளுபடி எனப் பல அடுக்குகள் இருந்தன. ஒரே கேம் திங்களன்று 50 விழுக்காடும், புதனன்று சில மணி நேரத்துக்கு 75 விழுக்காடும் குறையக் கூடும் என்ற நிலையில், பழகிய வாங்குபவர்களிடையே ஓர் எழுதப்படாத விதி உருவாயிற்று: மின்னல் தள்ளுபடியில் வராத எதையும் விற்பனையின் கடைசி நாள் வரை வாங்குவதில்லை. அவசரத்தைத் தூண்டவென்று அமைத்த ஏற்பாடு, பெரும்பாலான கேம்களைப் பொறுத்தவரை வாங்குவதைத் தள்ளிப்போடும் பழக்கத்தையே ஊட்டியது.

இன்னொரு விளைவும் இருந்தது. அக்காலத்தில் ஸ்டீமில் பரிசுப் பிரதிகளை வாங்கித் தம் கணக்கில் சேமித்து வைத்து, விலை ஏறிய பின் பிறருடன் மாற்றிக்கொள்ள முடிந்தது. மின்னல் விலையில் பல பிரதிகளை வாங்கிப் பதுக்குவோர் தோன்றினர். வால்வ் 2014 டிசம்பரில் புதிய பரிசுப் பிரதிகளை 30 நாள்களுக்கு மாற்ற முடியாதபடி செய்தது. 2017இல் அவற்றைச் சேமித்து வைக்கும் வசதியையே நீக்கியது. பதுக்கக்கூடிய பொருளுக்கு எண்ணிக்கை வரம்பு வைத்தால், ஆட விரும்புபவரைவிட வியாபாரம் செய்ய விரும்புபவரே முதலில் வந்து நிற்பார்.

திருப்பம் 2015இல் வந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில், வாங்கி 14 நாள்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், காரணம் கேளாமல் பணத்தைத் திருப்பித் தரும் விதியை ஸ்டீம் அறிமுகப்படுத்தியது. விலை குறைவதற்குச் சற்று முன் வாங்கியவர் அதைத் திருப்பியளித்துவிட்டுக் குறைந்த விலையில் மீண்டும் வாங்குவதை முறைகேடாகக் கருதுவதில்லை என்றும் அந்த விதி வெளிப்படையாகச் சொன்னது. இதற்குப் பின் மின்னல் தள்ளுபடியின் அடித்தளமே ஆட்டங்கண்டது; திங்களன்று வாங்கியவர் புதனன்று திருப்பித் தந்து மீண்டும் வாங்குவார் என்றால், விலையை ஏற்றியிறக்குவதால் கடைக்குக் கிடைப்பது கூடுதல் வேலை மட்டுமே. அவ்வாண்டு நவம்பர் விற்பனை முதல், தள்ளுபடி விலை தொடக்கம் முதல் இறுதி வரை மாறாமல் இருக்கும் முறை வந்தது. வாங்குபவர்களின் கருத்து இரண்டாகப் பிரிந்தது. நாள்தோறும் எட்டிப் பார்க்கும் பரபரப்பு போய்விட்டதே என்று ஒரு சாரார் வருந்த, விரும்பிய நேரத்தில் வாங்கிவிட்டு வேறு வேலை பார்க்கலாம் என்று மறு சாரார் வரவேற்றனர். இரண்டாம் கருத்தே நியாயமானது. ஸ்டீம் விற்பனை தொடங்கும் காலை பத்து மணி அமெரிக்க மேற்குக் கரையினுடையது, சென்னையிலும் மதுரையிலும் அது கோடையில் இரவு 10.30, குளிர்காலத்தில் 11.30. மின்னல் முறையில் உலகின் பாதிப் பேர் எப்போதும் தூக்கத்தில்தான் போட்டியிட வேண்டும்.

மனம் ஏன் இசைகிறது

ஸ்டீபன் வொர்செல் என்ற உளவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் 1975இல் வெளியிட்ட சோதனையொன்று இங்கே பொருந்தும். ஒரே வகை பிஸ்கட்டைச் சிலருக்குப் பத்து இருந்த ஜாடியிலிருந்தும், வேறு சிலருக்கு இரண்டே இருந்த ஜாடியிலிருந்தும் கொடுத்து மதிப்பிடச் செய்தனர். இரண்டே இருந்தபோது மதிப்பு உயர்ந்தது. பத்தாக இருந்தது கண்முன்னே இரண்டாகக் குறைந்தபோது இன்னும் உயர்ந்தது. மற்றவர்கள் விரும்பி எடுத்ததால் குறைந்தது என்று அறிந்தபோது மிக உயர்ந்தது. சுருங்கும் பட்டை இந்தக் கடைசி நிலையைத்தான் ஒவ்வொரு நொடியும் திரையில் நிகழ்த்துகிறது. ஆனால் அரிதான பிஸ்கட் கூடுதலாக விரும்பப்பட்டதே தவிர, கூடுதல் சுவையுடையதாக மதிப்பிடப்படவில்லை. மின்னல் விலையில் வாங்கிய கேம்கள் ஒருமுறையும் திறக்கப்படாமல் கணக்கில் தேங்கிக் கிடப்பதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் தேட வேண்டியதில்லை.

வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை

முதற்பணி, விற்பனை தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். விரும்பும் கேம்களைக் கடையின் விருப்பப் பட்டியலில் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் தாம் தரத் தயாராக உள்ள உச்ச விலையை எழுதி வைத்துக்கொள்வது நல்லது. பட்டை சுருங்கிக்கொண்டிருக்கும்போது எடுக்கும் முடிவு பெரும்பாலும் கடையின் முடிவாகவே இருக்கும். அடுத்து, விலை வரலாற்றைப் பார்க்க வேண்டும். ஸ்டீம்டிபி, இஸ்தேர்எனிடீல் ஆகிய தளங்கள் ஒரு கேம் இதுவரை எந்தெந்த நாளில் என்னென்ன விலைக்கு இறங்கியது என்பதைப் பதிவு செய்கின்றன. பட்டியல் விலை 1,499 ரூபாய் உள்ள கேம் 75 விழுக்காடு தள்ளுபடியில் ஏறத்தாழ 375 ரூபாய்க்கு வருகிறது என்று வைத்துக்கொண்டால், கடந்த ஓராண்டில் அது மூன்று முறை அதே விலைக்கு வந்திருப்பின் அவசரப்பட எந்தக் காரணமும் இல்லை. நான்காம் முறையும் வரும்.

விலையைப் பட்டியல் விலையோடு ஒப்பிடுவதைவிட, உண்மையில் ஆடப்போகும் கேம்களோடு ஒப்பிடுவதே சரியான கணக்காகும். தலா 300 ரூபாய்க்குப் பத்து கேம்களை வாங்கி மூன்றை மட்டும் ஆடுபவர், ஒரு கேமுக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்திருக்கிறார்.

பணம் செலுத்தும் வழியையும் முன்கூட்டிச் சரிபார்க்க வேண்டும். ஸ்டீம் 2015 நவம்பர் முதல் இந்தியாவில் ரூபாயில் விலை குறிக்கிறது. டாலரில் வாங்க வேண்டிய கடைகளில் வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணம் தனியாகச் சேரும் என்பதால், சிறு தொகைத் தள்ளுபடியின் ஒரு பகுதி அதிலேயே கரைந்துவிடும். 2020 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதியின்படி, புதிய அட்டைகளில் வெளிநாட்டுப் பரிமாற்ற வசதி முடக்கப்பட்டே வழங்கப்படுகிறது; அதை வங்கிச் செயலியில் இயக்கிவைக்காதவர், பிரதிகள் தீரும் தறுவாயில் பணம் மறுக்கப்படுவதைக் காண நேரும். கூடையில் போட்டுவிட்டாலே பிரதி ஒதுக்கப்படுகிறதா, பணம் செலுத்திய பின்தானா என்பதும் கடைக்குக் கடை மாறும்; அதை விதிமுறைப் பக்கத்தில் பார்த்துக்கொள்வது பயன் தரும். எபிக் கேம்ஸ் கடையின் 2019 பெருவிற்பனையின்போது கூடை வசதியே இல்லாததால், ஒவ்வொன்றாக விரைந்து வாங்கிய சிலரின் கணக்குகள் மோசடித் தடுப்பு ஏற்பாட்டில் சிக்கி முடங்கின.

திரும்பப் பெறும் விதி கடைக்குக் கடை பெரிதும் வேறுபடுவதால், அவசர விற்பனையில் அதுவே வாங்குபவரின் உண்மையான பாதுகாப்பு. ஜி.ஓ.ஜி. 2020 முதல் 30 நாள்களுக்குள், ஆடிப் பார்த்திருந்தாலும், பணத்தைத் திருப்பித் தருகிறது. பிளேஸ்டேஷன் கடையில் 14 நாள் அவகாசம் உண்டு, ஆனால் பதிவிறக்கத் தொடங்கிவிட்டால் அது பொதுவாகப் பொருந்தாது. நின்டெண்டோவின் இணையக் கடை விற்றதைத் திரும்பப் பெறுவதில்லை என்பதே பொதுவிதி. வேறு கடையில் வாங்கிய கீயை ஸ்டீமில் சேர்த்த பின் ஸ்டீமிடம் பணம் கேட்க முடியாது. திரும்பப் பெறும் உரிமை தாராளமாக உள்ள இடத்தில் முந்திக்கொள்வதால் இழப்பில்லை. அந்த உரிமை இல்லாத இடத்தில் கடிகாரம் எவ்வளவு வேகமாக ஓடினாலும் ஒரு நாள் பொறுப்பதே உசிதம்.

சட்டம் எதைத் தடுக்கிறது

இந்தியாவின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், வாங்குபவரைத் தவறாக வழிநடத்தும் 13 இணையவழி உத்திகளைப் பட்டியலிடுகின்றன. அவற்றுள் முதலாவது பொய்யான அவசரத்தைத் தூண்டுவது. இருப்பதைவிடக் குறைந்த எண்ணிக்கையே இருப்பதாகக் காட்டுவதும், இல்லாத கூட்டத்தை இருப்பதாகக் காட்டுவதும் இதில் அடங்கும். இந்தியாவில் தொடர்ந்து பொருளோ சேவையோ வழங்கும் எல்லாத் தளங்களுக்கும் இந்நெறிகள் பொருந்தும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005ஆம் ஆண்டு முதலே, ஒரு பொருள் மிகக் குறுகிய காலமே கிடைக்கும் என்று பொய்யாகக் கூறுவது நியாயமற்ற வணிக நடைமுறைகளின் பட்டியலில் உள்ளது.

இங்கே கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. சட்டம் தடுப்பது பொய்யை, செயற்கையான வரம்பையன்று. 300 பிரதிகள் என்று அறிவித்து, 300 தீர்ந்ததும் விலையை உண்மையாகவே ஏற்றிவிட்டால், அந்த எண் எவ்வளவு காரணமற்றதாக இருந்தாலும் கடை பொய் சொன்னதாகாது. தீர்ந்துவிட்டதாகச் சொன்ன பின்னும் அதே விலையில் விற்றாலோ, பக்கத்தைப் புதுப்பிக்கும்போதெல்லாம் கடிகாரம் முதலிலிருந்து ஓடினாலோ நிலைமை வேறு. அத்தகைய இடத்தில் நேரம் தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்யலாம்.